பட்டினி கிடந்த விளக்கு

அத்தியாயம் 14

“அங்கிட்டுப் போகாதீக!”

கையில் வாளியோடு கொல்லைப்புறம் நடந்த வீரணன் அப்படியே நின்றார்.

“எங்கிட்டு?”

“கக்கூஸுக்குத்தான். கழுவித் துடைச்சு, கதவச் சாத்தி வச்சிருக்கேன். கார்த்திகேஷு அம்மா அப்பா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் நம்ம ஆளுக யாரும் உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது.”

“அவங்க மதியச் சாப்பாட்டுக்குல்ல வாராங்க. அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“நேத்துப் போனீகள்ல, உங்க தம்பி வீட்டுக்கு? அங்கயே போங்க.”

வீரணன் வாளியை வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எதற்கு வாதாட வேண்டும், எதற்கு வாதாடக் கூடாது என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்கு அத்துப்படி. மகள் செய்த கழிவறை பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதன் சொந்தக்காரரோ நேற்றிலிருந்து அடுத்த தெருவில் தம்பி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

தங்கப்பொண்ணுவையும் குற்றம் சொல்ல முடியாது. இன்று வருகிறவர்கள் அப்பேர்ப்பட்ட விருந்தாளிகள்.

அவளுடைய மூத்த மகள் முத்துமீனா கிருமிகளைப் பற்றிப் படித்தவள். மனிதக் கழிவைத் தின்று மின்சாரம் தருகிற கிருமிகளைப் பெட்டியில் அடைத்து வளர்ப்பது அவள் ஆராய்ச்சி. கல்லூரிக்கு வெளியே அந்தப் பெட்டிகளை வைக்க யாரும் இடம் தராததால், கீழக்குயில்குடியில் தன் வீட்டுக் கொல்லையிலேயே வைத்துவிட்டாள். சென்னையில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த கார்த்திகேஷ், பெட்டிகளுக்கு வயரிங் செய்து கொடுக்க வந்தவன், பெட்டிகளோடும் பெட்டிக்காரியோடும் ஒட்டிக்கொண்டான். வேலையை உதறினான். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் அவன் வீட்டில் பூகம்பமே வெடித்தது.

அவன் அப்பா ஹரிராம் விளக்குத்தூண் பக்கம் சேலைக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர். ஒரு மாதம் மகனோடு பேசாமல் இருந்தவர் போன வாரம்தான் வாய் திறந்தார்.

“வேற சாதி வீட்டுப் பொண்ணுன்னு நான் வேணாம்னு சொல்லல. ஆனா என் மகன் எதுக்காக வேலைய விட்டான்னு எனக்குத் தெரியணும். அந்த விளக்கு எரியறத என் கண்ணால பாக்கறேன். எரிஞ்சா நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம். எரியலைன்னா அவங்கவங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போகட்டும்.”

அந்த விளக்கைப் பார்க்கத்தான் இன்று அவரும் அவர் மனைவி சாரதாம்பாளும் வருகிறார்கள். அழைத்து வர முத்துமீனாவும் கார்த்திகேஷும் காலையிலேயே காரில் போயாயிற்று.

வடைக்குப் பருப்பை ஊறப் போட்டுவிட்டு, தங்கப்பொண்ணு கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கழிவறைக் கதவைத் திறந்தாள். பினாயில் வாசம் கும்மென்று வந்தது. மனசு நிறைந்தது. உள்ளே ஈபி கரண்ட் கிடையாது. சுவரில் இருக்கும் ஒற்றை விளக்கு பெட்டிகளை நம்பி எரிவது. சுவிட்சைத் தட்டினாள்.

எரியவில்லை.

மறுபடி தட்டினாள். கையால் விளக்கையே ஒரு தட்டுத் தட்டினாள். இருட்டு அசையவில்லை.

சுவரில் முத்துமீனா ஒட்டிவைத்த தாள் அவளை முறைத்தது. ‘பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் கண்டிப்பாகக் கூடாது. பிரஷும் தண்ணீரும் போதும்.’ எட்டு மாதமாக அந்தச் சொல்லைத் தங்கப்பொண்ணு தட்டியதே இல்லை. ஆனால் நேற்று சாயங்காலம் கழுவ நின்றபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெரிய கடைக்காரர் வீட்டு மனுஷர்கள், முதன்முதலாக வாசல் மிதிக்கிறார்கள். பினாயில் வாசம் இல்லாத கக்கூஸை எப்படிக் காட்டுவது? ஒரு காலத்தில் இந்தத் தெருக்காரர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தண்ணீர் ஊற்றியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுச் சுத்தத்தின் மேல் எவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. கடைக்குப் போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்தாள். இரண்டையும் ஊற்றினாள். மனசு ஆறாமல் பிளீச்சிங் பவுடரும் போட்டாள்.

இப்போது அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சின்னவனுக்குப் போன் போட்டாள்.

“ஏய்யா தமிழு, விளக்கு எரிய மாட்டேங்குதுடா. உடனே வாய்யா!”

தமிழ்மாறன் பைக்கில் பறந்து வந்தான். கழிவறைக்குப் பின்னால் போனான். தொட்டிக்குப் பக்கத்தில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே சுவரில் ஒரு மீட்டர். எப்போதும் பச்சைக் கோட்டைத் தொட்டு நிற்கும் முள், சைபரில் படுத்துக் கிடந்தது. தமிழ்மாறன் மூக்கை உறிஞ்சினான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

“எம்மா. பினாயில் ஊத்துனியா?”

“லேசா.”

“லேசான்னா?”

“ரெண்டு பாட்டிலு.”

“அடியாத்தி!” அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “அக்கா என்ன சொல்லியிருக்கு? உள்ள இருக்குறது உசுரும்மா. தயிருக்கு உறை ஊத்தி வச்சிருக்கிற மாதிரி. அதுல போயி பினாயில ஊத்தினா பொழைக்குமா? சரி, ஊத்துனதுதான் ஊத்துன, நேத்துலேருந்து யாரும் உள்ள போகலையாமே. அப்பா சித்தப்பா வீட்டுல நிக்கிறாரு. தின்ன ஒண்ணும் குடுக்காமப் பட்டினியும் போட்டிருக்க!”

தங்கப்பொண்ணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கே சோறு போட்டவள் என்று பேர் வாங்கியவள். மகளின் கல்யாணம் எதை நம்பி நின்றதோ அதைப் பட்டினி போட்டுவிட்டாள்.

“அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவமாடா?”

“அவங்க எல்லாரும் கார்ல ஏறியாச்சு. பக்கத்துல அவரு உக்காந்திருப்பாரு. எப்படிச் சொல்ல?” தமிழ்மாறன் தோள்பையைத் திறந்து ஒரு பவர் பேங்கை எடுத்தான். “இத விளக்குக்குப் பின்னாடி வச்சு ஒட்டிட்டா, ரெண்டு நாளைக்கு நிக்காம எரியும். அவரு பாத்துட்டுப் போகட்டும். நாளைக்கு அக்காகிட்டச் சொல்லி, வாங்கிக் கட்டிக்குவோம்.”

“அது பொய்யில்லையாடா?”

“எட்டு மாசம் எரிஞ்ச விளக்குதானம்மா. இன்னைக்கு ஒரு நாளைக்கு அதுக்குக் காய்ச்சல். அம்புட்டுத்தான்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கடையில் எத்தனை பேரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய வாய் அது! தங்கப்பொண்ணு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வடைக்கு அரைக்கப் போய்விட்டாள்.

*

கார் வந்து நின்றபோது வேப்பமரத்து நிழல் காலடிக்குச் சுருங்கியிருந்தது. முதலில் இறங்கிய முத்துமீனாவின் முகத்தைத் தாயால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

“அம்மா, சொன்னது ஞாபகம் இருக்குல்ல?” என்று காதோரம் கிசுகிசுத்தாள். “ஐயான்னு கூப்பிடாத. அண்ணேன்னு கூப்பிடு. கையக் கட்டிக்கிட்டு நிக்காத.”

“வாங்கண்ணே, வாங்க மதினி,” என்றாள் தங்கப்பொண்ணு. குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

சாரதாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், சிரித்த கண். ஹரிராம் மெலிந்த உயரமான மனிதர். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, நெற்றியில் நாமம். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மோர் கொடுத்தால் டம்ளரை வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்தார்.

“முதல்ல விளக்கு. மத்ததெல்லாம் அப்புறம்.”

எல்லோரும் கொல்லைக்குப் போனார்கள். தம்பி வீட்டிலிருந்து திரும்பிவிட்ட வீரணன் வெள்ளை வேட்டியில் விறைப்பாகப் பின்னால் வந்தார். தமிழ்மாறன் கழிவறைக் கதவைத் திறந்துவிட்டான். ஹரிராம் உள்ளே எட்டிப் பார்த்து, தானே சுவிட்சைத் தட்டினார்.

பளிச்சென்று எரிந்தது.

“எரியுது!” என்றார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார்த்தார். அணைத்தார், போட்டார். வெளியே வந்தபோது அறுபது வயது மனிதர் மாதிரி இல்லை. “சாரதா, வந்து பாரு! கம்பி இல்ல, கம்பம் இல்ல, எரியுது!”

கார்த்திகேஷ் முத்துமீனாவைப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்பா தன்னோடு சிரித்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

“எப்படிம்மா இது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு,” என்றார் ஹரிராம்.

முத்துமீனாவுக்கு வேறென்ன வேண்டும்? அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். “இந்தப் பெட்டி ஒவ்வொண்ணுலயும் கரியால செஞ்ச துணி இருக்கு அங்கிள். அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க ஒட்டிக்கிட்டு வாழுது. தொட்டியிலேருந்து வர்ற கழிவத் திங்கிது. தின்னுட்டு, மிச்சமாகுற மின்சாரத்த அந்தத் துணியில விட்டுருது. நாங்க அத வாங்கி விளக்குக்குக் குடுக்கிறோம். ஒரு பெட்டியில வர்றது ரொம்பக் கொஞ்சம். அதான் இம்புட்டுப் பெட்டி. அந்த மீட்டரப் பாருங்க, முள்ளு பச்சையில நிக்கிதுல்ல...”

பேச்சு நின்றது.

முள் சைபரில் கிடந்தது. ஹரிராம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், முத்துமீனா மீட்டரைப் பார்த்தாள், ஒரு முறை மூச்சை இழுத்து வாசம் பிடித்தாள், தம்பியைப் பார்த்தாள். தமிழ்மாறன் வேப்பமரத்தை ஆராய ஆரம்பித்தான். கடைசியாக அவள் அம்மாவைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று தங்கப்பொண்ணுவுக்கும் புரிந்துவிட்டது.

“என்னம்மா, நிறுத்திட்ட?”

“ஒண்ணுமில்ல அங்கிள்.” முத்துமீனா மீட்டரை மறைத்தபடி நகர்ந்து நின்றாள். “எல்லாம் நல்லா ஓடுது. வாங்க, சாப்பிடலாம்.”

மகள் பொய் சொல்லித் தங்கப்பொண்ணு கேட்டதே இல்லை. பரீட்சையில் தவறினால்கூட வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அப்படிப்பட்டவள் இன்று, தன் கல்யாணத்துக்காகக் கூட இல்லை, தன் தாயை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகப் பொய் சொல்கிறாள். எட்டு மாதம் பாடுபட்டு எரியவைத்த விளக்கின் முன்னாலேயே சொல்கிறாள். தங்கப்பொண்ணு முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்க பாத்த விளக்கு பெட்டியில எரியல. செல்போனுக்குச் சார்ஜ் போடுற பேட்டரியில எரியுது. என் மகன் வச்சான், நான் பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து வரைக்கும் நெசமாவே எரிஞ்சது, எங்க வீட்டு வாசல்படி சத்தியமா எரிஞ்சது. நான்தான் கெடுத்தேன். நீங்க வாரீங்கன்னு ரெண்டு பாட்டிலு பினாயில ஊத்திக் கழுவிப்புட்டேன். யாரையும் உள்ள விடாம அந்தக் கிருமிகளப் பட்டினியும் போட்டுட்டேன். ஊத்தக் கூடாதுன்னு எம் மக படிச்சுப் படிச்சுச் சொன்னா. அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. இப்பத்தான் மீட்டரப் பாத்து அவளே கண்டுபிடிச்சா. பேசணும்னா என்னைப் பேசுங்க.”

தமிழ்மாறன் உள்ளே போய் பவர் பேங்கைப் பிய்த்து எடுத்து வந்தான். விளக்கு அணைந்தது.

ஹரிராமின் முகத்திலிருந்த சிரிப்பும் அணைந்தது. அவர் மனைவி பக்கம் திரும்பி அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். சாரதாம்பாள் பதில் சொன்னாள். அவர் மறுபடி சொன்னார், கொஞ்சம் வேகமாக. அவளும் விடவில்லை. தங்கப்பொண்ணுவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கார்த்திகேஷின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகம் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி எடுத்தார்.

கடைசியில் சாரதாம்பாள்தான் தமிழுக்கு வந்தாள்.

“ரெண்டு பாட்டிலா ஊத்தினீங்க?”

“ஆமா மதினி.”

“நானா இருந்தா மூணு ஊத்தியிருப்பேன்,” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதத்தான் இவர்கிட்டச் சொன்னேன். எங்க வீட்டுக்கு நீங்க வாரதா இருந்தா, தெரு முனையிலயே உங்களுக்கு பினாயில் வாசம் வந்திருக்கும்.”

ஹரிராம் சிரிக்கவில்லை. “என் கடையில ஒரு சேலைக்குச் சாயம் போகும்னா, போகும்னு சொல்லித்தான் விப்பேன்,” என்றார். “சொன்னா அன்னைக்கு ஒரு சேலை விக்காது. சொல்லலைன்னா அதுக்கப்புறம் அவங்க வீட்டுல ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க சொல்லிட்டீங்க. அத நான் மறக்க மாட்டேன்.” முத்துமீனாவிடம் திரும்பினார். “ஆனா நீ ஏம்மா சொல்லல?”

முத்துமீனா நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா அசிங்கப்பட்டுரக் கூடாதுன்னு நெனச்சேன் அங்கிள். தப்புத்தான்.”

அவர் பெட்டிகளைப் பார்த்தார். “மறுபடி எரிய வைக்க முடியுமா?”

“முடியும். தொட்டியையும் பெட்டியையும் நல்லாக் கழுவிவிட்டு, காலேஜ்ல ஓடுற பெட்டியிலேருந்து கொஞ்சம் எடுத்துட்டு வந்து உறை ஊத்தணும். அப்புறம் தெனமும் தீனி போகணும். ரெண்டு வாரமாவது ஆகும்.”

“அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வாரேன். எரிஞ்சா அன்னைக்கே நாள் குறிப்போம். எரியாம நான் நாள் குறிக்க மாட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

கெட்டதுமில்லை, முழுசாக நல்லதுமில்லை. தங்கப்பொண்ணு அதையே பெரிதாக எடுத்துக்கொண்டாள். ஆனால் ஹரிராம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்ததும் அவளுக்குப் பகீரென்றது. சாப்பிடாமல் கிளம்புகிறாரோ? வாழையிலை நறுக்கி வைத்தாயிற்று; வடை, பாயசம் எல்லாம் உள்ளே ஆறிக்கொண்டிருக்கிறது. கை நனைக்காமல் போய்விட்டால் அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

அவர் கார் பக்கம் போகவில்லை. கழிவறை வாசலில் போய் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

“உள்ள தண்ணி இருக்கா?”

“இருக்குண்ணே,” என்றார் வீரணன், விருந்தாளிகள் வந்த பிறகு வாய் திறந்த முதல் வார்த்தையாக. “ரெண்டு வாளி நெறைய இருக்கு.”

“அப்பா, இருட்டா இருக்கும். போன் டார்ச்சு இந்தாங்க,” என்று கார்த்திகேஷ் ஓடினான்.

“வேணாம்,” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சாரதாம்பாள் மூடிய கதவையே பார்த்தாள். “கல்யாண மண்டபத்துல கூட போக மாட்டாரு தெரியுமா? என் அம்மா வீட்டுக்கு வந்தா, பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு தெப்பக்குளத்துல இருக்கிற எங்க வீட்டுக்கு ஆட்டோ புடிப்பாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான். அடுத்த வீட்டு பாத்ரூம் வாசல் மிதிச்சு நான் பாத்ததே இல்ல.”

அதைக் கேட்ட பிறகு அந்தக் கொல்லையில் எவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தமிழ்மாறன் மீண்டும் வேப்பமரத்துக்குப் போனான். வீரணன் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று கார்த்திகேஷைக் கேட்டார். முத்துமீனா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. ஹரிராம் குழாயடியில் நிதானமாகக் கை கால் கழுவினார். தங்கப்பொண்ணு துண்டை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டு, பெட்டிகள் இருந்த பக்கம் தலையசைத்தார்.

“பட்டினி போட்டுட்டீங்களாமே. முதல் பந்தி நான் போட்டாச்சு. இப்ப எனக்கு இலையப் போடுங்க.”

தங்கப்பொண்ணு துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒருவர் தன் வீட்டில் தண்ணீர் குடித்தால் போதும், சாப்பிட்டால் போதும் என்று எத்தனையோ கனவு கண்டவள் அவள். இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிய வடைகளைத் தள்ளி வைத்துவிட்டு புது வடைக்கு எண்ணெயை ஏற்றினாள்.

*

சாப்பாடு திவ்வியமாக நடந்தது. ஹரிராம் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நடுவில் மகனிடம், “உன் வயரிங்ல பினாயில் ஊத்தினா மணி அடிக்கிற மாதிரி எதாவது வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். கார்த்திகேஷுக்கு அது திட்டா யோசனையா என்று புரியவில்லை. ஆனாலும் மணி வைக்கிறேன் என்றான்.

அவர்கள் காரில் ஏறும்போது சாரதாம்பாள் மட்டும் பின்தங்கினாள். தங்கப்பொண்ணுவை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“மதினி, இவரப் பத்திக் கவலப்படாதீங்க. இவரு சம்மதிச்ச மாதிரிதான். ஆனா ரெண்டு வாரம் கழிச்சு வரும்போது இவரு தனியா வர மாட்டாரு. அவரோட அக்கா சுந்தரம்மாளும் வருவாங்க. அவங்க சரின்னு சொல்லாம எங்க வீட்டுல ஒரு புடவை கூட எடுக்க மாட்டோம்.”

“வரட்டும் மதினி. அவங்களுக்கும் இதே மாதிரி வட சுட்டுப் போட்டா சரியாப் போச்சு.”

“வடையெல்லாம் அவங்களுக்கு ரெண்டாம்பட்சம்.” சாரதாம்பாள் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினாள். “ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா மொதல்ல பின்பக்கம்தான் போவாங்க. அங்க பினாயில் வாசம் வரலைன்னா பச்சத் தண்ணி தொட மாட்டாங்க. அப்படியே திரும்பிருவாங்க. எங்க தெருவுல ரெண்டு சம்பந்தம் இதுலயே முறிஞ்சிருக்கு.”

சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிக்கொண்டாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருவைத் தாண்டியது. எல்லோரும் கையசைத்தார்கள். தங்கப்பொண்ணுவின் கை மட்டும் பாதியிலேயே நின்றது.

பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏத்தா மீனா, பினாயில் வேணாம். அந்த வாசம் மட்டும் தனியா எங்கயாச்சும் கிடைக்குமா?”